ஃபெராரிஸின் ஐம்பது சதவீதம்

எந்த மோட்டார் கடைக்குப் போனாலும் பார்க்கலாம். மூன்று ஃபேஸ் மோட்டார் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன தகடு ஒட்டியிருக்கும். அதில் எச்.பி., வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர், ஆர்.பி.எம்., எஃபிஷியன்சி என்று வரிசையாக எண்கள். வாங்க வருகிறவர் எச்.பி.யை மட்டும் பார்ப்பார், விலையைக் கேட்பார், போய்விடுவார். மற்ற எண்களை யாரும் சீந்துவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்த எண்களுக்காகப் பெரிய பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்டன. ஒரு பேராசிரியர் இதே கணக்கைப் போட்டு, தான் கண்டுபிடித்த மோட்டார் வியாபாரத்துக்கு உதவாது என்று தானே எழுதி வைத்துவிட்டார்! கதை அங்கேதான் சுவாரசியமாகிறது.

முதலில் கணக்கு. பாலிடெக்னிக் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மூன்று ஃபேஸ் மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்திறன் = √3 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர். 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும் ஒரு மோட்டார், பவர் ஃபேக்டர் 0.8 என்று வையுங்கள். 1.732 × 415 × 7.5 × 0.8 = சுமார் 4,310 வாட். இது உள்ளே போவது. மோட்டார் 5 எச்.பி. என்றால் வெளியே வருவது 5 × 746 = 3,730 வாட். வகுத்தால் எஃபிஷியன்சி சுமார் 86 சதவீதம். மீதி 14 சதவீதம் சூடாகப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கணக்கு. கால்குலேட்டர் இருந்தால் அரை நிமிடம்.

இந்த 746 எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் வாட்டிடமிருந்து. 1780-களில் அவர் நீராவி எஞ்சின் விற்கும்போது வாங்குபவர் கேட்ட கேள்வி, 'இது எத்தனை குதிரைக்குச் சமம்?' என்பதுதான். வாட் கணக்குப் போட்டு, ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டார். நிஜக் குதிரை நாள் முழுக்க அவ்வளவு இழுக்காது. வாங்குபவர் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். அவருடைய கம்பெனி எஞ்சினுக்கு உரிமத்தொகை வசூலித்ததும் குதிரை எண்ணிக்கையை வைத்துத்தான். ஆக, எச்.பி. என்பது பில் போடப் பிறந்த அலகு. இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வரும்.

இனி இத்தாலிக்குப் போகலாம். டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் என்று ஒரு பேராசிரியர். (டெலஸ்கோப் கலிலியோ வேறு, இவர் வேறு. இவர் பிறந்தது 1847-ல்.) 1884-ல் டூரினில் நடந்த பெரிய கண்காட்சியில் கோலார் என்ற பிரெஞ்சுக்காரரும் கிப்ஸ் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து உருவாக்கிய டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார்கள். ஏ.சி. மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோகலாம் என்று அது காட்டியது. ஆனால் அதன் எஃபிஷியன்சி என்ன என்பதில் ஒரே குழப்பம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் டி.சி.யில் வாட் கிடைத்துவிடும். ஏ.சி.யில் அப்படிப் பெருக்கினால் தப்பு வருகிறது.

ஏன் என்று 1885-ல் தெளிவாக விளக்கியவர்களில் ஃபெராரிஸ் முக்கியமானவர். ஏ.சி.யில் வோல்ட்டேஜும் கரண்ட்டும் அலை மாதிரி ஏறி இறங்குகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போனால் பிரச்சினை இல்லை. சுருள் கம்பி உள்ள எதிலும் கரண்ட் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஊஞ்சலைத் தள்ளுபவர் நேரம் தப்பித் தள்ளினால் கை வலிக்கும், ஊஞ்சல் உயராது. அதே கதைதான். எவ்வளவு பிந்துகிறது என்பதை ஒரு கோணமாக எழுதி, அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் உண்மையான வாட் கிடைக்கும். இன்று பவர் ஃபேக்டர் என்று தகட்டில் இருப்பது இதுதான்.

இந்தப் பிந்துதலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அதே 1885-ல் இன்னொன்று தோன்றியது. இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, ஒன்றுக்கொன்று பிந்தும் இரண்டு கரண்ட்களை அவற்றில் விட்டால்? இரண்டு காந்தப்புலங்களும் சேர்ந்து ஒரே புலமாகி, அந்தப் புலம் சுற்ற ஆரம்பிக்கும். எந்தப் பொருளும் சுற்றவில்லை, புலம் மட்டும் சுற்றுகிறது! நடுவில் ஒரு செப்பு உருளையை வைத்தார். அதுவும் கூடவே சுற்றியது. உருளைக்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை. தேயும் கார்பன் பிரஷ் இல்லை, தீப்பொறி இல்லை. இன்று கிணற்றிலும் மில்லிலும் மாவு மெஷினிலும் ஓடும் இண்டக்ஷன் மோட்டாரின் தாத்தா அது.

மனிதர் அவசரப்படவில்லை. பேட்டன்ட் எடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 1888 மார்ச்சில், டூரின் அறிவியல் கழகத்தில் கட்டுரையாகத்தான் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில்தான் அந்தக் கணக்கு இருந்தது.

சுற்றும் புலத்தைவிட உருளை கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். சம வேகத்தில் சுற்றினால் உருளைக்குப் புலம் நிற்பது மாதிரி தெரியும், அப்புறம் அதில் கரண்ட் தூண்டப்படாது, இழுவிசையும் இருக்காது. இந்த வேக வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். ஸ்லிப் கூடக் கூட இழுவிசை கூடும், ஆனால் வேகம் குறையும். திறன் என்பது இழுவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அப்படியானால் திறன் எங்கே அதிகம்?

காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய கணக்கு. விலை பூஜ்யம் என்றால் எல்லோரும் வாங்குவார்கள், வருமானம் பூஜ்யம். விலையை உச்சத்துக்கு ஏற்றினால் யாரும் வாங்கமாட்டார்கள், அப்போதும் வருமானம் பூஜ்யம். டிமாண்ட் கர்வ் நேர்கோடாக இருந்தால் சரியாகப் பாதியில் வருமானம் உச்சம். ஃபெராரிஸுக்கும் அதேதான் வந்தது. ஸ்லிப் பாதியாக இருக்கும்போது, அதாவது உருளை புலத்தின் பாதி வேகத்தில் சுற்றும்போது, திறன் உச்சம். ஆனால் இந்த வகை மோட்டாரில் ரோட்டாருக்குள் போகும் திறனில் ஸ்லிப் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் சூடாக வீணாகும். ஸ்லிப் ஐம்பது என்றால் நஷ்டமும் ஐம்பது. பாதிக்குப் பாதி சூடாகப் போகிற எந்திரத்தை யார் வாங்குவார்கள்? வகுப்பில் காட்டலாம், அளவுக் கருவியாகப் பயன்படுத்தலாம், மோட்டாராக வியாபாரத்துக்கு உதவாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

கணக்கில் கூட்டல் பெருக்கல் தப்பு எதுவும் இல்லை. கேள்விதான் தப்பு. 'அதிகபட்சத் திறன் எங்கே கிடைக்கும்' என்று கேட்டு வந்த விடையை 'மோட்டார் எங்கே ஓட வேண்டும்' என்பதற்கு விடையாக வைத்துவிட்டார். மோட்டாரை உச்சத் திறனில் ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கொஞ்சம் பெரிய மோட்டாராகச் செய்து, ஸ்லிப் நாலைந்து சதவீதம் இருக்கும் இடத்தில் ஓட்டினால் ரோட்டாரில் நஷ்டமும் நாலைந்து சதவீதம்தானே. இந்தக் குழியில் விழுந்த முதல் ஆள் அவர் இல்லை. 1838-ல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டார் படகு ஓட்டிய யாகோபியின் காலத்திலிருந்தே இதே ஐம்பது சதவீதம் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. எடிசன் கம்பெனி தன் ஜெனரேட்டர் தொண்ணூறு சதவீதம் தரும் என்று சொன்னபோது இதே காரணத்தைக் காட்டிக் கேலி செய்தவர்கள் உண்டு.

அந்தக் கட்டுரைக்குச் சில வாரங்களுக்குள், 1888 மே மாதம், அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவுக்கு இதே தத்துவத்தில் பேட்டன்ட்கள் கிடைத்தன. யார் முதலில் என்ற சண்டை இன்றும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்று விட்டுவிடுவதுதான் நியாயம். பணக்கணக்கு மட்டும் பார்த்தால் போதும். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி முன்னெச்சரிக்கையாக இருவரிடமும் உரிமை வாங்கியது. ஃபெராரிஸுக்குக் கிடைத்தது 1,000 டாலர். டெஸ்லாவின் ஒப்பந்தத்தில் ரொக்கம், பங்கு எல்லாம் போக, விற்கும் ஒவ்வொரு எச்.பி.க்கும் 2.50 டாலர் ராயல்டி. மறுபடியும் அதே ஜேம்ஸ் வாட் வித்தை, குதிரைக் கணக்கில் வசூல்! (பின்னாளில் அந்த ராயல்டியை டெஸ்லா விட்டுக்கொடுத்தது தனிக்கதை.) ஒருவர் எந்திரத்துக்கு ஐம்பது சதவீதம் மார்க் போட்டார், இன்னொருவர் குதிரைக்கு இவ்வளவு என்று விலை பேசினார். அறிவில் யார் மட்டம் என்று சொல்ல முடியாது, சந்தையைப் பார்த்த பார்வையில்தான் வித்தியாசம்.

ஃபெராரிஸின் கட்டுரையைப் படித்துவிட்டு, 'இது தப்பாச்சே' என்று பிடித்தவர் பெர்லினில் இருந்தார். பெயர் மிகாயில் டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. வாயில் நுழைய நேரமாகும். ரஷ்யாவில் பிறந்தவர், ரீகா கல்லூரியில் அரசியல் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டு, ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் படித்து ஏ.ஈ.ஜி. கம்பெனியில் சேர்ந்தவர். வயது இருபத்தாறுதான்.

ஸ்லிப்பைக் குறைக்க என்ன வழி? ரோட்டாரின் மின்தடையைக் குறைக்க வேண்டும். அதேசமயம் காந்தப்புலம் எளிதாகப் போக இரும்பும் வேண்டும். வெறும் செப்பு உருளையில் இரும்பு இல்லை. வெறும் இரும்பு உருளையில் தடை அதிகம். டோப்ரோவோல்ஸ்கி இரும்பு உருளையில் துளை போட்டு, செப்புத் தண்டுகளைச் செருகி, இரண்டு முனையிலும் வளையத்தால் இணைத்தார். 1889-ல் பேட்டன்ட். இன்றைக்கும் 'ஸ்குரல் கேஜ்', அணில் கூண்டு ரோட்டார், என்று நம் வைண்டிங் கடைகளில் சொல்வது இதைத்தான். இரண்டு ஃபேஸுக்குப் பதில் மூன்று ஃபேஸ் என்று முடிவு செய்ததும் அவர்தான். ஜெர்மனியில் ஹாசெல்வாண்டர், சுவீடனில் வென்ஸ்ட்ரோம் என்று வேறு சிலரும் அதே காலத்தில் மூன்று ஃபேஸில் இறங்கியிருந்தார்கள். ஆனால் ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் என்று மொத்தக் குடும்பத்தையும் ஓட விட்டுக் காட்டியது டோப்ரோவோல்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும்தான்.

அப்படிக் காட்டிய இடம் ஃபிராங்க்ஃபர்ட், வருடம் 1891. அந்த ஊர் நகராட்சி மின்நிலையம் கட்ட ஆசைப்பட்டது. டி.சி.யா ஏ.சி.யா என்று வருடக்கணக்கில் சண்டை. பத்திரிகை அதிபர் சோனெமான் ஒரு யோசனை சொன்னார்: உலகக் கண்காட்சி வைப்போம், எல்லோரும் வந்து செய்து காட்டட்டும். அதை நடத்தும் பொறுப்பு ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற எஞ்சினியருக்கு வந்தது. அவர் போட்ட திட்டத்தைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 175 கிலோமீட்டர் தள்ளி, நெக்கார் ஆற்றங்கரையில் லாவ்ஃபன் என்ற சின்ன ஊரில் ஒரு சிமென்ட் ஆலை, அங்கே நீர்ச்சக்தி இருந்தது. அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கம்பியில் மின்சாரம் கொண்டுவந்து காட்டுவது!

லாவ்ஃபனில் சுவிட்சர்லாந்தின் ஊர்லிகோன் கம்பெனிக்காக சார்ல்ஸ் பிரவுன் வடிவமைத்த ஜெனரேட்டர். ஒரு ஃபேஸுக்கு 55 வோல்ட், 1,400 ஆம்பியர். மூன்று ஃபேஸுக்கும் 3 × 55 × 1,400 = 231 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 300 குதிரை. அந்த √3 எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். நடுப்புள்ளிக்கும் ஒரு கம்பிக்கும் நடுவே 55 வோல்ட் என்றால், இரண்டு கம்பிகளுக்கு நடுவே இரட்டிப்பாக 110 வராது. அலைகள் முன்பின்னாக வருவதால் 55 × 1.732 = 95 வோல்ட்தான் வரும். 1.732 × 95 × 1,400 போட்டுப் பாருங்கள், அதே 230 கிலோவாட். நம் வீட்டு 240 வோல்ட்டும் மோட்டாரின் 415 வோல்ட்டும் இதே உறவுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இதைச் சுமார் 15,000 வோல்ட்டாக ஏற்றினார்கள். மூன்று செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் தடிமன். பென்சிலைவிட மெல்லியது! சுமார் 3,000 கம்பங்கள், செப்பு மட்டும் 60 டன் அளவுக்கு. வழியில் வூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன், பிரஷ்யா என்று பல ராஜ்யங்களின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஜனங்கள் தொடாமலிருக்கக் கம்பங்களில் மண்டை ஓட்டுப் படம் மாட்டினார்கள்.

இந்தக் கம்பியில் எவ்வளவு வீணாகும்? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 175 கிலோமீட்டர் நீளத்தில் 4 மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை சுமார் 240 ஓம். 150 கிலோவாட்டை 15,000 வோல்ட்டில் அனுப்பினால் கரண்ட் 5.8 ஆம்பியர். மூன்று கம்பியிலும் சேர்த்து நஷ்டம் சுமார் 24 கிலோவாட், 16 சதவீதம். தாங்கக்கூடிய நஷ்டம். வோல்ட்டேஜைப் பாதியாக்கினால் நஷ்டம் நான்கு மடங்காகி, மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடும். மொத்தச் சோதனையின் உயிரும் இந்தக் கணக்கில்தான் இருந்தது.

1891 ஆகஸ்ட் 24-25 தேதிகளில் மின்சாரம் வந்து சேர்ந்தது. கண்காட்சி வாசலில் ஆயிரம் பல்புகள் எரிந்தன. உள்ளே டோப்ரோவோல்ஸ்கியின் 100 குதிரை மூன்று ஃபேஸ் மோட்டார் ஒரு பம்பை ஓட்ட, செயற்கை அருவி கொட்டியது. ஆற்றில் விழுந்த தண்ணீரின் சக்தி 175 கிலோமீட்டர் கம்பியில் வந்து மறுபடி தண்ணீராக விழுகிறது! விளம்பரம் தெரிந்த ஆட்கள்.

ஆனால் அருவியைப் பார்த்து முதலீடு செய்ய முடியாது. ஆடிட் வேண்டுமே. சூரிச் பேராசிரியர் எச். எஃப். வெபர் தலைமையில் ஒரு குழு இரு முனையிலும் அளந்தது. (பின்னாளில் இவரிடம் படித்துவிட்டு இவரோடு ஒத்துப்போகாமல் போன மாணவர் ஒருவர் உண்டு, பெயர் ஐன்ஸ்டீன்.) லாவ்ஃபன் டர்பைன் தண்டில் கொடுத்ததில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது சுமார் 75 சதவீதம். ஜெனரேட்டர், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், நீண்ட கம்பி எல்லாம் கழித்த பிறகு 75. ஃபெராரிஸ் ரோட்டாரில் மட்டுமே ஐம்பது போகும் என்று சொல்லி மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1894-ல் சிங்கிள் ஃபேஸ் ஏ.சி. நிலையம் கட்டியது! கமிட்டிகள் எல்லா ஊரிலும் கமிட்டிகள்தான். லாவ்ஃபன் மின்சாரம் பக்கத்து ஊரான ஹைல்பிரானுக்கு 1892 ஜனவரியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அதே ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த மாநாட்டில் டோப்ரோவோல்ஸ்கி இன்னொரு காரியமும் செய்தார். மோட்டார் இழுக்கும் கரண்ட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். வேலை செய்யும் கரண்ட் ஒன்று, வேலை செய்யாமல் காந்தப்புலத்தை உருவாக்க மட்டும் போய்வந்து கொண்டிருக்கும் கரண்ட் இன்னொன்று. இரண்டாவது வாட் மீட்டரில் தெரியாது. ஆனால் கம்பியைச் சூடாக்கும், ஜெனரேட்டரின் இடத்தை அடைக்கும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போய்ப் போய் வருகிற ஆள் மாதிரி. அந்த இடத்துக்கான செலவை யார் கொடுப்பது? மின்சாரக் கம்பெனியா, மோட்டார் வைத்திருப்பவரா? உலகம் முழுக்க ஆலை முதலாளிகளும் மின்வாரியங்களும் பிறகு மல்லுக்கட்டிய விவகாரம் இது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வாங்கிய மில்லுக்கு டிமாண்ட் சார்ஜ் கிலோவாட்டில் இல்லாமல் கேவிஏ கணக்கில் போடுவதும், மில்காரர்கள் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுவதும் இதனால்தான். டிக்கெட் இல்லாத ஆளுக்கும் சேர்த்து சீட்டுக்குக் காசு!

மூன்று கம்பியில் போகும் வாட்டை எத்தனை மீட்டர் வைத்து அளப்பது என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. மூன்று கம்பிக்கு மூன்று மீட்டர் என்றுதான் தோன்றும். 1893-ல் சிகாகோ மின்சார மாநாட்டில் பிரான்ஸின் ஆந்த்ரே புளோண்டல், கம்பிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் போதும் என்று பொதுவிதியாக நிறுவினார். மூன்று கம்பிக் கரண்ட்டையும் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம் வரும். இரண்டில் போவது மூன்றாவதில் திரும்பியாக வேண்டும். டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, இரண்டு கணக்கு தெரிந்தால் மூன்றாவது தானே வந்து விழும். பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழே போனால் இரண்டில் ஒரு மீட்டர் பின்னோக்கி, மைனஸ் காட்டும். லேபில் இதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காத மாணவர் குறைவு. கெடவில்லை, அந்த மைனஸையும் சேர்த்துக் கூட்டினால் சரியான வாட் வரும்.

ஃபெராரிஸ் 1897 பிப்ரவரியில் இறந்தபோது வயது 49. தன் கணக்கைத் தாண்டி மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடியதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி மட்டும் பலித்தது. மோட்டாராக உதவாவிட்டாலும் அளவுக் கருவியாகலாம் என்றார் அல்லவா? அடுத்த வருடமே, 1889-ல், ஹங்கேரியின் கான்ஸ் கம்பெனியில் ஓட்டோ பிளாத்தி அந்தத் தத்துவத்தில் மின்சார மீட்டர் செய்தார். டிஜிட்டல் மீட்டர் வருவதற்கு முன் நம் வீட்டு வாசலில் கறுப்புப் பெட்டிக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததே ஒரு அலுமினியத் தட்டு, அது வேறொன்றுமில்லை. சுற்றும் காந்தப்புலம், நடுவில் கம்பியே போகாத ஒரு உலோகத் துண்டு. மூன்று கம்பி மோட்டாருக்கு வைக்கும் மீட்டரில் ஒரே தண்டில் இரண்டு தட்டு இருக்கும், புளோண்டல் சொன்ன கணக்குப்படி. ஜெர்மன்காரர்கள் இன்றும் அந்தத் தட்டு மீட்டரை ஃபெராரிஸ் மீட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.